வைஸை வலப்பக்கம் பூட்டு

மகன், ஸலாம். சுகம் விசாரிக்கிற வரிகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து நான் சோற்றில் கை வைக்கிற நேரம் உன் அழைப்பு வந்தது. கத்தாரில் ஒரு கராஜின் மூலையில் கொஞ்சம் இடம் எடுத்திருப்பதாகவும், நின்று மரவேலை செய்ய உனக்கென்று மேசை வாங்கு ஒன்று அடிப்பதாகவும், மரத்தை இறுக்கிப் பிடிக்கிற வைஸை அதில் பொருத்தப் போவதாகவும் சொன்னாய். "வாப்பா, வைஸ எந்தப் பக்கம் பூட்டுற?" என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. "இதென்ன கேள்வி? இடப்பக்கந்தான்" என்றேன். நீ "ஆ, சரி வாப்பா" என்றாய், அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. சோற்றுப் பீங்கானில் கிடந்த என் வலக்கையைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே விளங்கியது. இடப்பக்கம் எனக்குச் சரி, உனக்குப் பிழை. நீ இடக்கையன். உன் வைஸ் வலப்பக்கம்தான் இருக்க வேண்டும்.

திரும்ப அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியைக் கையில் எடுத்தால் எனக்கு ஒன்றில் அழுகை வந்துவிடும், இல்லாவிட்டால் கோபம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்று கதைக்க இந்த வயது வரைக்கும் நான் பழகவில்லை. அடுத்த வீட்டு றிஸ்வான் லீவு முடிந்து வருகிற கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வைஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன். ஐந்து வருடமாக உன்னிடம் மறைத்த ஒரு விசயமும் இருக்கிறது, அதுவும் வைஸைப் பற்றியதுதான். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் வாசி.

முதலில் எந்த வைஸ் என்பது. கராஜ் என்று நீ சொன்னதால் எனக்குப் பயமாக இருக்கிறது. இரும்பு வேலைக்காரர்களின் வைஸ் மேசைக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சும்மா தந்தாலும் எடுக்காதே. அதன் வாயில் பல் இருக்கும், மரத்தைக் கடித்துவிடும். மரவேலை வைஸ் பலகைக்குக் கீழே அடக்கமாக உட்காரும், வாய் மட்டும்தான் வெளியே தெரியும். வாய் அகலமானதாகப் பார். ஒரு சாணுக்குக் குறைந்தால் கதவுச் சட்டத்தைப் பிடிக்கும்போது ஆடும். கடையில் வைத்தே திருகைக் கடைசி வரைக்கும் வெளியே இழுத்து, முன் வாயைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, கிலுகிலு என்று ஆடினால் வைத்துவிட்டு வா. பழையது என்றால் வெட்கப்படாமல் எடு. துருவை மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டுக் கழற்றலாம், திருகின் புரி தேய்ந்துபோனால்தான் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றுதான் எடுக்க வசதி என்றால் முன்பக்கத்துக்கு எடு. பலகையைப் படுக்கப் போட்டுச் சீவுவதற்கு வாங்கின் நுனியில் இன்னொன்று பூட்டுவார்கள். அது நல்லதுதான், ஆனால் நான் வாழ்நாள் முழுக்க ஒரு சட்டத்தை ஆணி அடித்து முட்டுக் கொடுத்தே சமாளித்தவன்.

பூட்டும்போது, வைஸின் பின் வாய் வாங்கின் முன் விளிம்போடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விளிம்பைக் குடைந்து உள்ளே இறக்கு. துருத்திக்கொண்டு நின்றால் நீளப் பலகை வாங்கோடு ஒட்டாமல் வைஸின் வாயில் மட்டும் தொங்கும். இரும்பின் மேல் விளிம்பு வாங்கின் முகத்துக்கு அரை விரல் கீழே நிற்கட்டும், இல்லையென்றால் என்றைக்கோ ஒரு நாள் சீவுளி அதில் போய் மோதும். இரண்டு வாய்க்கும் உள்ளே மரத்துண்டு வைத்துத் திருகாணி போடு. காலுக்குப் பக்கத்தில் பூட்டு, நடுவில் பூட்டினால் உளி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் வாங்கு துள்ளும். ஆனால் பூட்ட முன்னம் குனிந்து கீழே பார். திருகும் பக்கத்துக் கம்பிகளும் உள்ளே போக இடம் வேண்டும். என் முதல் வாங்கில் நான் அதைப் பார்க்கவில்லை. காலை அடித்து முடித்துவிட்டு வைஸை ஏற்றினேன், கம்பி நேரே போய்க் காலில் முட்டியது. உன் உம்மா தேத்தண்ணியோடு வந்து நின்று பார்த்தாள். "ஊரார்ர கதவுக்கெல்லாம் அளவெடுப்பார் ஓடாவியார், தன்ட வாங்குக்கு எடுக்கமாட்டார்" என்றாள். மரவேலைக்காரனை ஊரில் ஓடாவி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அதோடு 'யார்' சேர்த்தால் கேலி செய்கிறாள் என்று அர்த்தம்.

இனிப் பக்கம். வலக்கையன் சீவுளியை வலமிருந்து இடமாகத் தள்ளுவான், அதனால் அவனுக்கு வைஸ் இடப்பக்க நுனியில். இடக்கையன் இடமிருந்து வலமாகத் தள்ளுவான், அவனுக்கு வைஸ் வலப்பக்க நுனியில். அவ்வளவுதான், எழுத இரண்டு வரி. ஒரு பக்கம் இருக்கிற வைஸைக் கழற்றி மற்றப் பக்கம் பூட்ட அரை மணித்தியாலம் போதும். நாலு போல்ட். அந்த அரை மணித்தியால வேலையை நான் உனக்காகச் செய்யவில்லை.

நீ ஏழு வயதில் பட்டறைக்குள் வந்து மரம் அறுக்கிற வாளைத் தூக்கினாய், இடக்கையால். நான் அதைப் பிடுங்கி மற்றக் கையில் திணித்தேன். "சோத்துக் கையால பிடி" என்றேன். சோறு தின்பதும் கை கொடுப்பதும் வலக்கையால், அதை உம்மா உனக்கு ஒரு அடிகூட அடிக்காமல் பழக்கியிருந்தாள். நான் அதோடு விட்டிருக்க வேண்டும். கதவுக்குச் சொல்ல வந்த ஒருவர் "ஓடாவிட மகன் பீச்சக்கையால அறுக்கான்" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்துக்கு மார்க்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். உம்மா என்னிடம் எத்தனை தடவை சொன்னாள்! "வாள் என்ன சோறா திங்குது? சோத்துக்கு ஒரு கை, வேலைக்கு ஒரு கை, அல்லாஹ் ரெண்டையுந்தான் தந்திரிக்கான். அந்த வைஸ அங்கால பக்கம் பூட்டிக் குடுங்க" என்பாள். "பாப்பம்" என்பேன். எங்கள் வாயில் அந்தச் சொல் எவ்வளவு லேசாக வந்துவிடுகிறது. இல்லை என்று சொல்கிற தைரியம் இல்லாதவன் சொல்கிற இல்லை அது.

உனக்குப் பதினாறு வயதில் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய், உன் கை மறக்க விடாது. ஜன்னல் சட்டம் ஒன்றில் துளை எடுத்துக்கொண்டிருந்தாய். வைஸ் இடப்பக்கம், சுவரோடு ஒட்டி. உன் கைக்கு அங்கே வளைய இடமில்லை. நானும் பக்கத்தில் நின்றேன், அதனால் உளியை வலக்கையில் பிடித்தாய். அது வழுக்கி, முன்னால் இருந்த இடக்கையின் பெருவிரல் அடியில் இறங்கியது. தைத்தார்கள், காயம் ஆறியது, விரல் மட்டும் அதன் பிறகு முழுதாக மடங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் நான் உன்னிடம் சொன்னது என்ன தெரியுமா? "கவனமாச் செஞ்சா வெட்டுமா?" என்றேன். அதன் பிறகு நீ பட்டறைப் பக்கம் வரவே இல்லை. அந்த மாதமே அக்கரைப்பற்றில் உன் தாய்மாமனின் இரும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாய். மரத்தை அறுக்க வேண்டிய பிள்ளை ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

நாலு மாதம் நீ வீட்டுக்கு வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வருவதாக உம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாய். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடல் வந்தது. முதல் நாள், சனிக்கிழமை, அவள் அடுப்படிக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "நாளைக்கு மகன் வாறான். வந்தா பட்டறைய எட்டிப் பாக்காமப் போமாட்டான். வைஸ் மாறியிரிக்கிறதக் கண்டானெண்டா அவனுக்கு விளங்கிரும், நீங்க வாயால ஒண்டும் சொல்லத் தேவல்ல. இண்டைக்கே மாத்துங்க" என்றாள். மறுநாள் எனக்குச் சவளக்கடையில் ஒரு வீட்டுக்குக் கதவு பூட்டுகிற வேலை இருந்தது, உளி எல்லாம் தீட்ட வேண்டியிருந்தது. "வந்து பாப்பம்" என்றேன். "நீங்க பாத்துப் பாத்துத்தான் அவன் போனான்" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகக் கோபப்பட்டது அதுதான்.

ஸுபஹ் தொழுதுவிட்டுச் சைக்கிளில் போய்விட்டேன். சவளக்கடை வயல் பக்கம், கடல் சத்தம் அங்கே வராது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஆட்கள் ஓடி வந்து சொன்னபோது நான் நம்பவில்லை, மிச்சமிருந்த கதவுப் பிணைச்சலையும் பூட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன். பிறகு அன்று முழுக்க அவளைப் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரியிலும் தேடினேன். நான் ஒரு பக்கம் தேட, அவளை இன்னொரு பக்கம் ஒரு பள்ளிவாசலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள், அஸருக்குப் பிறகு அடக்கியும்விட்டார்கள். முகம் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் நீ அக்கரைப்பற்றிலிருந்து வந்து சேர்ந்தாய். "தெருவில உள்ள பொம்புளைகள் எல்லாரும் ஓடித் தப்பியிரிக்காங்க. உம்மா மட்டும் ஏன் வாப்பா ஓடல்ல?" என்று கேட்டாய். அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்றேன். பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகும் நீ இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் தெரியாது என்றேன். அவை பொய்.

மூன்றாம் நாள் எங்கள் தெருவில் ஐந்தாவது வீட்டு ராத்தா என்னைத் தேடி வந்தாள். கழுவ நேரமோ தண்ணீரோ இல்லாத அந்த நாளில் உம்மாவைத் துணியில் சுற்றியது அவள்தான். "முந்தானையில ஒரு முடிச்சு இரிந்திச்சு. காசாக்குமெண்டு எடுத்து வெச்சன்" என்று ஒரு துணித் துண்டைத் தந்தாள். அவிழ்த்தேன். இரண்டு நட்டு. ஒரு கிழமைக்குப் பிறகு பெரிய ரோட்டுப் பக்கம் தென்னைகளுக்கு நடுவில் எங்கள் வாங்கின் மேல்பலகை சிக்கிக் கிடந்தது. கால்கள் இல்லை. வைஸ் மட்டும் இடப்பக்க நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு போல்டில் இரண்டுக்கு நட்டு இல்லை. மூன்றாவதில் நட்டு பாதி கழன்ற நிலையில் நின்றது.

நான் செய்யாததை அவளே செய்யக் கிளம்பியிருக்கிறாள், மகன். கழற்றினது தொலைந்துபோகக்கூடாது என்று முந்தானையில் முடிந்திருக்கிறாள். எங்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னால், கடல் பக்கம் என்பது உனக்குத் தெரியும். நட்டு இறுகிப்போயிருந்தது, அவளுக்கு ஸ்பானர் பிடித்துப் பழக்கமும் இல்லை. வாங்குக்குக் கீழே குனிந்து அதோடு போராடிக்கொண்டிருந்திருப்பாள். தெருவில் சத்தம் கேட்டதோ கேட்கவில்லையோ. நான் சனிக்கிழமை அந்த அரை மணித்தியாலத்தை எடுத்திருந்தால் அவள் முன்பக்க அடுப்படியில் இருந்திருப்பாள், மற்றப் பெண்களோடு ஓடியிருப்பாள். விதி என்று எனக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். விதியை நானும் நம்புகிறவன்தான். ஆனால் அந்த நட்டுகளை இறுக்கினது என் கை.

உன் மனம் நோகும் என்றுதான் மறைத்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. தெரிந்தால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன். நீ எப்படியும் போனாய். உனக்காகத்தான் அவள் அங்கே நின்றாள் என்று ஒருபோதும் நினைத்துக்கொள்ளாதே. எனக்குப் பதிலாக நின்றாள். இதில் உன் பங்கு ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு வாங்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ கத்தாருக்குப் போகும்போது "சண்டை முடியட்டும் வாப்பா, வந்திர்ரன். ரெண்டு பேருமா ஒரு பட்டறை போடுவம்" என்றாய். அப்போது உளிப் பையோடு வெளியே போனால் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு உளியாக எடுத்து வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும், மரம் கொண்டு வருவதை நினைத்தும் பார்க்க முடியாது. சண்டை முடிந்த மறு மாதமே சவளக்கடைக்குப் போய் நல்ல வேப்பம் பலகை கொண்டு வந்தேன். கடற்கரையில் எங்கள் வளவில் இனிக் கட்ட முடியாது என்று சொல்லி நமக்குத் தந்த இந்தப் புதிய வீட்டின் பின்னால், தகரத்தைச் சாய்த்து ஒரு கொட்டில் போட்டேன். நீ விட்டுப்போன நீளக் காற்சட்டையைத் தொங்கவிட்டு உன் உயரத்துக்கு வாங்கை அடித்தேன். அந்தப் பழைய வைஸைத் துரு போக்கி வலப்பக்க நுனியில் பூட்டினேன். உன்னிடம் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று இருந்தேன்.

நோன்புப் பெருநாளைக்கு என்றாய், பிறகு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்றாய். அதற்குப் பிறகு "எப்ப வாற மகன்?" என்று கேட்டால் "பாப்பம் வாப்பா" என்கிறாய். போன வெள்ளிக்கிழமை வாங்கு அடிக்கிறேன் என்று நீ சொன்னதும் எனக்கு முழுதாக விளங்கிவிட்டது. வாங்கு என்பது பெட்டியில் அடுக்கி எடுத்து வருகிற சாமானா? அதை அடிக்கிறவன் அந்த இடத்திலேயே நிற்கப் போகிறவன். நம்ம ஊரில் ஆண்பிள்ளையைப் பெற்றவனுக்கு, கல்யாணம் முடிந்தால் மகன் பெண் வீட்டோடு போய்விடுவான் என்று தெரியும். அதற்கு நானும் ஆயத்தமாகத்தான் இருந்தேன். ஆனால் அது இரண்டு தெரு தள்ளி. அஸர் தொழுதுவிட்டு வருகிற வழியில் எட்டிப் பார்க்கலாம்.

உனக்கு அடித்த வாங்கில் இத்தனை மாதமும் நான்தான் வேலை செய்தேன். வைஸ் எனக்குப் பிழையான பக்கம். பலகை வழுக்குகிறது, தோள் திருகுகிறது, பின்னேரமானால் இடுப்பு நிமிர மறுக்கிறது. முதல் நாளே எனக்கு ஆத்திரத்தில் சீவுளியை எறிய வந்தது. நீ ஏழு வயதிலிருந்து பதினாறு வரைக்கும் அப்படித்தான் நின்றாய், ஒரு தடவைகூட எறியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதலாம். எழுதினால் எல்லாம் சரியாகிவிட்டதென்று எனக்கு ஒரு நிம்மதி வந்துவிடும், அந்த நிம்மதி எனக்கு வேண்டாம்.

நேற்று வைஸைக் கழற்றிவிட்டேன். றிஸ்வானிடம் கொண்டுபோனபோது, "எல்லாரும் மாசியும் கருவாடும் குடுத்து விடுறாங்க மாமா, நீங்க இரும்பத் தூக்கித் தாறீங்க" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சாமானில் பாதியை வெளியே எடுத்து வைத்தான். நல்ல பிள்ளை. கடையில் புதிதாக ஒன்று எடுத்திருந்தாலும் இதையே பூட்டு. போல்ட் நாலும் ஒரு துணியில் கட்டி இருக்கிறது. வைஸோடு கிடந்த இரண்டும் துருவில் போய்விட்டதால், நட்டு நாலில் இரண்டு புதியது, இரண்டு கறுத்தது. கறுத்த இரண்டும் உம்மாவின் முந்தானையில் இருந்தவை. அவற்றை முதலில் பூட்டு, உன் இடக்கையால். விரல் மடங்காது என்று எனக்குத் தெரியும், அவசரமில்லை, ஆறுதலாகப் பூட்டு.

பூட்டி முடிந்ததும் ஒரு அழைப்பு எடு. "வலப்பக்கம் பூட்டிட்டன் வாப்பா" என்று மட்டும் சொல், போதும். எப்போது வருவாய் என்று இனி நான் கேட்கமாட்டேன். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை உனக்குப் பழக்கினது நான்தான்.

உன் வாப்பா